"எனக்கு மிஷின் பார்க்க மட்டும்தான் தெரியும்"

பினாங்கின் பாயான் லெப்பாஸிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். வயது 49. செமிகண்டக்டர் தொழிற்சாலையில் 26 வருடம் ஆப்பரேட்டர். ஆட்குறைப்புக் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "சார், எனக்கு மிஷின் பார்க்க மட்டும்தான் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது" என்றார்.

தொழில் ஆலோசகனான என் அறையில் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். பிள்ளைகள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்ததும் எந்தப் படிப்பு, எந்த வேலை என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். அதோடு சரி. நாற்பது வயதில் தன் வேலையைப் பற்றிப் பேச யாரும் வருவதில்லை. ஜோசியரிடம்கூட வருஷத்துக்கு ஒரு தடவை போகிறோம்.

பினாங்கில் வேலை மாறுவது புதிதல்ல. 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழில்பேட்டை தொடங்கிய காலத்தில், தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைப் பெண்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கையால் சிப்பில் ஒட்டினார்கள். பிறகு அதைத் தானியங்கி மிஷின் எடுத்துக்கொண்டது. ஒட்டியவர்கள் மிஷினைப் பார்த்துக்கொள்பவர்கள் ஆனார்கள். இப்போது ஒருவரே பல மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் காலம்.

"சரி அக்கா, காலையில் கார்டு தட்டியதும் முதலில் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

முதலில் தயங்கினார். அப்புறம் கொட்டத் தொடங்கினார். இரவு ஷிப்ட் எழுதி வைத்ததைப் படிப்பார். ஒரு சாம்பிள் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். "கம்பி ஒட்டலன்னா மிஷின் நின்னுடும் சார். ஆனா நிக்கிறதுக்கு முன்னாடியே சத்தத்துல தெரியும். காப்பிலரி, அதான் கம்பி வர்ற முனை, தேஞ்சிருக்கும். டெக்னீஷியன் வர்ற வரைக்கும் உட்கார்ந்திருந்தா அவுட்புட் போயிடும், நானே மாத்திடுவேன்." புதிதாக வந்த நேப்பாளப் பெண்களுக்கு மலாயில் வேலை கற்றுக் கொடுத்ததும் அவர்தான். எத்தனை பேர் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்.

நான் எழுதிக்கொண்டே வந்தேன்: தரப் பரிசோதனை, பழுது கண்டறிதல், பயிற்சி கொடுத்தல், ஷிப்ட் அறிக்கை. தாளைத் திருப்பிக் காட்டினேன். "இது எல்லாரும் செய்யுறதுதானே?" என்றார்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஆள் உட்கார்ந்ததுமே பயிற்சிப் பட்டியலை நீட்டிவிடுவேன். ஸ்டோர் வேலை பார்த்த 48 வயது அண்ணன் ஒருவரைக் கம்ப்யூட்டர் டிசைன் வகுப்புக்கு அனுப்பினேன். மூன்றாவது வாரம் நின்றுவிட்டார். சரக்குக் கணக்கை மனப்பாடமாக வைத்திருந்த மனிதர் அவர். அதைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அனுபவத்துக்குச் சான்றிதழ் வாங்க நம் நாட்டில் வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறையின் 'பெங்இக்திராஃபான் பென்சாப்பாயான் தெர்டாஹுலு', சுருக்கமாக பிபிடி. வேலையில் கற்றதை ஆதாரங்களோடு கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டில் தேறினால், வகுப்புக்குப் போகாமலே மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்கும். வேலையில் இருக்கும்போதே இதைச் செய்வது எளிது. ஆதாரமும் மேலதிகாரியின் கையெழுத்தும் அங்கேதானே இருக்கின்றன. அதோடு, 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் பெரும்பாலான நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு அமைப்பான எச்ஆர்டி கார்ப்புக்குப் பயிற்சிக் கட்டணமாகக் கட்டுகின்றன. நீங்கள் கேட்காவிட்டால் அந்தப் பயிற்சி வேறு யாருக்கோ போகும்.

கடிதம் வந்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, ரெக்கார்ட்ல நல்லா இருக்கும்" என்று அன்பாகச் சொல்லும் எச்ஆர் உண்டு. எழுதிவிடாதீர்கள். தானாக விலகியவருக்கு, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைவாய்ப்புக் காப்புறுதிப் பணம் கிடையாது. ஆட்குறைப்பில் போனவருக்கு, சந்தாக் கணக்கைப் பொறுத்து ஆறு மாதம் வரை கிடைக்கும்: முதல் மாதம், காப்புறுதிக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்து 50, பிறகு 40, 40, 30, 30. வேலை போன 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வெட்கத்தில் வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் இரண்டு மாதம் சீருடை போட்டுக் கிளம்பியவரை எனக்குத் தெரியும். அவர் வந்தபோது கெடு முடிந்திருந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, 1980-ஆம் ஆண்டு விதிப்படி வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம் இழப்பீடாக வர வேண்டும். இது சொக்சோ பணத்துக்கு வெளியே, முதலாளி தர வேண்டியது. கடிதத்தில் போட்டிருக்கும் தொகையைக் கால்குலேட்டர் எடுத்து நீங்களே ஒரு தடவை பெருக்கிப் பாருங்கள்.

அக்கா அந்தத் தாளை மலாயில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பினார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரர் பிறைல 22 வருஷமா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறாரு. அவருக்குக் கடிதம் எதுவும் வரல. கூட்டிட்டு வரலாமா?"

சனிக்கிழமை வரச் சொன்னேன்.