மறுஅச்சா, மறுபதிப்பா?

போன வருடம் ஆடி மாதம், சமூக சுகாதாரப் போஸ்டிங்குக்காக இரண்டாம் ஆண்டு மாணவிகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் ஒன்றரை வயதுப் பையன் அம்மா மடியில் சோர்ந்து கிடந்தான். காலையிலிருந்து நாலைந்து முறை வயிற்றுப்போக்கு. என் மாணவி ஒருத்தி உற்சாகமாக ஆரம்பித்தாள். "அக்கா, ஒரு லிட்டர் தண்ணியில உப்பு மூணரை கிராம், குளுக்கோஸ் இருபது கிராம் இருக்கணும், அதுதான் ஓ.ஆர்.எஸ்..."

பக்கத்தில் நின்ற கிராம சுகாதார செவிலியர் தன் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். "பாப்பா, இதைத் திருப்பிப் படி."

பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம், ஒரு லிட்டருக்கு. மாணவி என்னைப் பார்த்தாள். "புக்ல அப்படித்தான் மேம் இருக்கு."

அவள் பொய் சொல்லவில்லை. விடுதிக்குத் திரும்பியதும் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன், மூணரையும் இருபதும்தான் இருந்தன. ஒரு காலத்தில் அது சரியான கணக்குதான். உலக சுகாதார நிறுவனம் 2002இல் அதை மாற்றியது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, சர்க்கரையின் அடர்த்தியைச் சொல்லும் ஆஸ்மோலாரிட்டி பழைய கரைசலில் 311, புதியதில் 245. உப்பும் சர்க்கரையும் குறைந்தால் குடல் தண்ணீரை இன்னும் நன்றாக உறிஞ்சும், போக்கும் வாந்தியும் குறையும், நரம்பில் டிரிப் ஏற்ற வேண்டிய குழந்தைகளும் குறைவார்கள் என்று தெரியவந்ததால் வந்த மாற்றம். 2004இல் கூடவே துத்தநாக மாத்திரையும் சேர்ந்தது, 10 முதல் 14 நாள். அதைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஆனால் அட்டையில் 2016 என்று போட்டிருந்தது!

நம் மாணவர்கள் ஏமாறும் இடம் இதுதான். உள்ளே, பதிப்புரிமை விவரம் இருக்கும் பக்கத்தைத் திருப்பினேன். முதல் பதிப்பு 1998. அதற்குக் கீழே 2001, 2004, 2009, 2016 என்று வரிசையாக, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'மறுஅச்சு'. அதாவது 1998இல் எழுதியதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் நான்கு தடவை மறுபடி அச்சடித்திருக்கிறார்கள். மறுபதிப்பு என்றால் ஆசிரியர் உட்கார்ந்து திருத்தியிருக்க வேண்டும். தமிழில் நாம் இரண்டுக்குமே 'பதிப்பு' என்று போட்டுவிடுவதால் 'ஏழாம் பதிப்பு' என்பதைக்கூட அப்படியே நம்ப முடியாது. முன்னுரையைப் படித்துப் பாருங்கள். "இந்தப் பதிப்பில் இன்னின்ன அத்தியாயங்கள் திருத்தப்பட்டுள்ளன" என்று ஒரு வாக்கியமாவது இருந்தால்தான் அது மறுபதிப்பு. முதல் பதிப்பின் முன்னுரை மட்டும் தனியாக நின்றால், வெறும் மறுஅச்சு.

இருபது வருடத்துக்கு மேலாகச் செவிலியர் படிப்பில் பாடம் எடுக்கிறேன். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தால் முதலில் காலாவதித் தேதியைப் பார் என்று முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிறோம். புத்தகத்தை எடுத்தால் எதைப் பார்க்க வேண்டும் என்று நானே பல வருடம் சொல்லிக் கொடுத்ததில்லை.

பாடப்புத்தகம் நடப்புக்குப் பின்னால் வருவது புதிதல்ல. ஓ.ஆர்.எஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோரம் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோயின. காலராவுக்கு நரம்பு வழித் திரவம்தான் என்று அன்றைய மருத்துவம் நம்பியிருந்தது. திலீப் மஹலானபிஸ் என்ற மருத்துவர் ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூணரை கிராம் சமையல் உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா என்று கலந்து, டிரம்மில் ஊற்றிவைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்க வைத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. புத்தகங்கள் அதை ஏற்றுக்கொள்ள வருடங்கள் ஆயின. சரி, அது அந்தக் காலம். இன்று மாற்றம் வந்த அன்றே கைப்பேசியில் பார்க்கலாம். அப்படியும் வகுப்பில் கையிலிருப்பது சீனியர் அக்கா கொடுத்துவிட்டுப் போன புத்தகம்தானே.

எல்லாப் பாடத்திலும் இந்தப் பயம் வேண்டாம். உடற்கூறியல் புத்தகம் பழையது என்றால் நான் கவலைப்பட மாட்டேன். தொடை எலும்பு 1998இலும் தொடையில்தான் இருந்தது. மருந்தியல், முதலுதவி, சமூக சுகாதாரம், சட்டம், இந்த நாலும்தான் ஆபத்து.

இதயம் நின்றுபோனவருக்குச் செய்யும் முதலுதவியான சி.பி.ஆர். ஓர் உதாரணம். முதலில் மூச்சுப்பாதை, அப்புறம் சுவாசம், கடைசியில்தான் நெஞ்சை அழுத்துவது என்று நான் படித்தேன். 2010இல் அமெரிக்க இதய சங்கம் வரிசையையே திருப்பிப் போட்டு, பெரியவர்களுக்கு முதலில் நெஞ்சை அழுத்து என்றது. நிமிடத்துக்குக் குறைந்தது 100 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழம். 2015இல் மேல் வரம்பும் வந்தது: 100 முதல் 120 வரை, 6 செ.மீ.க்கு மேல் வேண்டாம். ஐந்தே வருடத்தில் இரண்டு மாற்றம். காசநோயும் அப்படித்தான். வாரத்தில் மூன்று நாள் மாத்திரை என்பது போய் தினமும் என்று தேசியத் திட்டம் மாறியது 2017இல். திட்டத்தின் பெயரே 2020இல் மாறிவிட்டது. இன்றும் விடைத்தாளில் 'வாரம் மும்முறை' என்று எழுதுகிறார்கள். பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டு, கீறி ரத்தத்தை வெளியேற்று என்று சொல்லும் முதலுதவிப் புத்தகத்தை நான் கையாலேயே தூக்கிப் போட்டிருக்கிறேன். கட்டவும் கூடாது, கீறவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான்.

சட்ட அத்தியாயம்தான் இருப்பதிலேயே மோசம். அதை யாரும் கவனித்துப் படிப்பதில்லை, திருத்துவதும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டமே நடைமுறையில் இல்லை, பாரதிய நியாய சன்ஹிதாதான். கவனக்குறைவால் மரணம் என்றதும் எல்லோரும் ஒப்பிக்கும் 304-ஏ இப்போது 106. பழைய எண்ணையே எழுதினால் ஒரு மதிப்பெண் போகும், அதோடு சரி. ஆனால் எண்ணோடு நிற்காத இடமும் உண்டு. சில வருடம் முன்பு, தற்கொலைக்கு முயன்று பிழைத்து வார்டில் படுத்திருந்த ஒரு பெண்ணிடம் எங்கள் மாணவி, "இது குற்றம்னு தெரியாதாக்கா, கேஸ் ஆகும்" என்று சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். அவள் புத்தகத்தில் 1987ஆம் வருட மனநலச் சட்டம் இருந்தது, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் இருந்தது. 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115ஆம் பிரிவில் சொல்வது வேறு: வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் தர வேண்டியது அரசின் கடமை. அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், அன்று அவள் என்னிடம் பேசவேயில்லை.

சமூகப்பணித் துறையில் இருக்கும் தோழி ஒருத்தியும் இதே கதையைச் சொன்னாள். நாலாம் வகுப்புப் பையன், எழுத்துக்கள் பிடிபடவில்லை, டிஸ்லெக்சியா என்று கண்டுபிடித்தாகிவிட்டது. களப்பயிற்சிக்கு வந்த மாணவர் அவன் அம்மாவிடம், "இது ஊனத்துல வராதும்மா, ஏழு வகைதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஏழு என்பது 1995ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டம். 2016ஆம் வருடச் சட்டத்தில் 21 வகை. ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் அதில் உண்டு. அந்த அம்மா மறுபடி விசாரிக்க வர ஒரு வருடம் ஆனது. பி.எட்., சிறப்புக் கல்வி படிப்பவர்கள் புத்தகம் வாங்கும்போது நேராக இந்தப் பட்டியல் உள்ள பக்கத்துக்குப் போங்கள். ஏழு என்றால் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

வெளிநாட்டுப் புத்தகம் புதிதாகத்தானே இருக்கிறது என்று அதற்குத் தாவினால் அங்கே வேறு சிக்கல். பிரிட்டிஷ் புத்தகத்தில் ரத்தச் சர்க்கரை 4க்குக் கீழே போனால் ஆபத்து என்று இருக்கும். நம் வார்டு குளுக்கோமீட்டரில் 4 என்று வரவே வராது. அவர்கள் கணக்கு மில்லிமோலில், நம்முடையது மில்லிகிராமில், 18ஆல் பெருக்க வேண்டும். இதையாவது ஒரு தடவை சொன்னால் புரிந்துகொள்வார்கள். நிறம்தான் கஷ்டம். பிறந்த குழந்தையின் நிறம், மூச்சு, இதயத்துடிப்பு எல்லாம் பார்த்து ஆப்கார் மதிப்பெண் போடும்போது 'உடல் முழுவதும் இளஞ்சிவப்பு' என்றால் நிறத்துக்கு முழுசாக 2. நம் ஊர்க் குழந்தைகளை வைத்துக்கொண்டு மாணவிகள் திருதிருவென்று விழிப்பார்கள். உள்ளங்கை, உள்ளங்கால், உதடு, வாயின் உட்புறம், அங்கே பார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தடிப்பு என்றால் சிவப்பு, ஆக்சிஜன் குறைந்தால் நீலம், எல்லாம் வெள்ளைத் தோலுக்கு எடுத்த படங்கள். லண்டன் செயின்ட் ஜார்ஜஸில் படித்துக்கொண்டிருந்த மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர் இதையே கேள்வியாகக் கேட்டு, 2020இல் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து கறுப்பு, பழுப்புத் தோலில் நோய் அறிகுறிகள் எப்படித் தெரியும் என்று ஒரு கையேடே போட்டார். கேட்டது ஒரு மாணவர் என்பதை என் வகுப்பில் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

அப்புறம் ஜெராக்ஸ். புத்தக விலையைப் பார்த்தால் மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடுதிக் கட்டணம் கட்டவே வீட்டில் நகை அடகுக்குப் போயிருக்கும். ஆனால் ஒன்றைப் பார்த்தேன். ஜெராக்ஸின் ஜெராக்ஸ், ஸ்பைரல் போட்டது. கடும் ஒவ்வாமைக்குப் பெரியவர்களுக்குத் தசையில் போடும் அட்ரினலின் அளவு '5 மி.கி.' என்று இருந்தது. நூலகத்தில் இருந்த மூலப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் '.5 மி.கி.' முன்னால் பூஜ்யம் போடாமல் வெறும் புள்ளி. இரண்டு தடவை நகலெடுத்ததில் புள்ளி கரைந்துபோய்விட்டது. பத்து மடங்கு! அன்றிலிருந்து மருந்து அளவு வரும் பக்கத்தை மட்டுமாவது மூலத்தோடு வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறேன். நீங்கள் எழுதும்போது 0.5 என்று பூஜ்யத்தோடு எழுதுங்கள்.

தமிழில் படிப்பவர்களுக்கு இன்னொரு தேதியும் உண்டு. தமிழில் மருத்துவப் பாடநூல் என்பது புது யோசனை இல்லை. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக் கொடுத்தார், அதற்காக ஆங்கிலப் பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அந்த வழி இன்றும் தொடர்கிறது என்பதில் சந்தோஷம்தான். ஆனால் மொழிபெயர்ப்பு வந்த வருடத்தை மட்டும் பார்த்தால் போதாது. எந்த ஆங்கிலப் பதிப்பிலிருந்து மொழிபெயர்த்தார்கள் என்று பாருங்கள். தமிழ் நூல் 2018, மூலம் 1996 என்றால் கையில் இருப்பது 1996தான். மூலம் எது என்றே போடாத புத்தகங்களும் உண்டு. அவற்றை நான் வாங்குவதில்லை.

என்னதான் செய்வது என்று கேட்டால், காசு இருக்கும் அளவுக்கு மருந்தியலை மட்டும் புதிதாக வாங்குங்கள் என்பேன். தேசியத் திட்டங்களின் வழிகாட்டிக் கையேடுகளை மத்திய சுகாதாரத் துறையே இணையத்தில் இலவசமாகப் போடுகிறது. காசநோய்க்கும் தடுப்பூசிக்கும் எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அதுதான் மேல். மற்றதைப் பழைய புத்தகத்திலேயே ஓட்டலாம், திருத்திக்கொண்டால்.

நூலகத்தில் அந்தப் பழைய புத்தகங்களைக் கழித்துவிடலாமே என்று பல தடவை கேட்டிருக்கிறேன். ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு எண்ணிக்கை காட்ட வேண்டும், பதிவேட்டிலிருந்து நீக்க கமிட்டி கூட வேண்டும், அதெல்லாம் பெரிய வேலை மேடம் என்றார்கள். அதனால் 2012இலிருந்து ஒரு வேலை செய்கிறேன். சிவப்புத் தாளைச் சின்னதாக வெட்டி, மாறிப்போன விஷயத்தை எழுதி, அந்தந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுவேன். ஓ.ஆர்.எஸ்ஸுக்கு ஒன்று, காசநோய்க்கு ஒன்று, அப்படி.

போன மாதம் ஒரு முதலுதவிப் புத்தகத்தை எடுத்தேன். நான் முதல் வருடம் ஒட்டிய சீட்டு மங்கிப்போய் அப்படியே இருந்தது: 'முதலில் நெஞ்சை அழுத்தவும். நிமிடத்துக்குக் குறைந்தது 100.' அதற்குக் கீழே பென்சிலில், எனக்குத் தெரியாத கையெழுத்தில், யாரோ எழுதியிருந்தார்கள்: '120-ஐத் தாண்டக் கூடாது மேம். இது 2015-ல மாறிடுச்சு.'