பட்டுப்பேரந்து: சொல் விளக்கம்

சாட்டர்னியிடே என்பது 2,300-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட அந்துப்பூச்சிக் குடும்பம். இதற்குத் தமிழில் எந்தப் பெயர் பொருந்தும் என்பதே இங்கு கேள்வி. இதை 'ராட்சதப் பட்டுப்பூச்சி' என்று எழுதினால், மல்பெரி இலை தின்னும் வழக்கமான பட்டுப்பூச்சிதான் பெரிதாகிவிட்டது போலத் தொனிக்கும். அந்தப் பட்டுப்பூச்சி பாம்பிசிடே என்ற வேறு குடும்பம். டசர், முகா, எரி ஆகிய காட்டுப்பட்டு வகைகளைத் தருபவைதான் சாட்டர்னியிடே.

பெயரின் வேர் 'சாட்டர்னியா'. 1802-இல் இயற்கையியலாளர் ஷ்ராங்க் இக்குடும்பத்தின் ஒரு பேரினத்துக்கு இட்ட பெயர் இது. 1837-இல் பூச்சியியலாளர் புவாதுவால் அதையே குடும்பப் பெயராக விரித்தார். சிறகில் உள்ள கண்புள்ளிகளைச் சுற்றியிருக்கும் வளையங்கள் சனிக்கோளை நினைவூட்டுவதால் வந்த பெயர் என்பார்கள். ஆனால் சாட்டர்னியா என்பது ரோமானியப் புராணத்தில் சாட்டர்ன் (சனி) என்ற கடவுளின் மகளான யூனோ தேவியின் அடைமொழியும்கூட; அவளுக்குரிய பறவை மயில். இந்தப் பேரினத்தின் ஓர் இனத்துக்கு, உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-இலேயே மயிலைக் குறிக்கும் 'பவோனியா' என்ற பெயரை வைத்திருந்தார். கண்புள்ளியை உற்றுப் பார்த்தால் மயில்தான் எனக்கு முதலில் தோன்றுகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? விளக்கை நாடி வருவதை விட்டில் என்போம். ஆனால் வெட்டுக்கிளிக்கும் அப்பெயர் உண்டு. 'அந்து' முதலில் தானியத்தை அரிக்கும் சிறுபூச்சியைக் குறித்தது. இன்று அந்துப்பூச்சி என்பது இந்த வகை முழுமைக்கும் பொதுப்பெயர். 'பெரும்பட்டு அந்து' என்றால் 'பெரிய' என்ற அடை பட்டுக்குப் போய்விடும். அது அந்துக்கே உரியது: இக்குடும்பத்தின் அட்லஸ் அந்தின் சிறகு விரிப்பு ஏறத்தாழ 24 செ.மீ. வரை போகும். பேரரசு, பேராறு போலப் பேரந்து. முன்னே பட்டு சேர்த்தால் பட்டுப்பேரந்து. நான் பரிந்துரைக்கும் சொல் இதுவே.

இந்தப் பெரிய உடம்புக்கு உணவே கிடையாது என்பதுதான் வியப்பு. வளர்ந்த அந்தின் வாயுறுப்புகள் சுருங்கிப் பயனற்றுப் போயிருக்கும். புழுவாக இருந்தபோது இலை தின்று சேர்த்த கொழுப்பை வைத்தே ஒன்றிரண்டு வாரம் உயிர்வாழும். கூட்டைவிட்டு வெளிவரும்போது சிறகுகள் கசங்கிச் சிறுத்திருக்கும். கிளையில் தொங்கியபடி உடல் திரவத்தைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தி அவற்றை விரிக்கும். பெண் அந்து பெரும்பாலும் அசையாமல் அமர்ந்து மணம் பரப்பும். ஆணின் இறகு போன்ற உணர்கொம்புகள் அந்த மணத்தை வெகு தொலைவிலிருந்தே பிடித்துவிடும். கூடியபின் முட்டையிடுவது ஒன்றே மீதி வேலை.

அட்லஸ் அந்தின் முன்சிறகு நுனி பாம்பின் தலைபோல வளைந்திருக்கும். சிறகின் நடுவே செதிலற்ற, கண்ணாடி போன்ற முக்கோணங்கள் தெரியும். இதே குடும்பத்தைச் சேர்ந்த நிலா அந்தின் நீண்ட பின்சிறகு வால்கள் பறக்கையில் சுழல்கின்றன. எதிரொலியை நம்பி வேட்டையாடும் வௌவால் உடலை விட்டு வாலைக் கவ்வப் பாய்கிறது என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. வால் கிழிந்தாலும் அந்து பறக்கும்.

அறிவியல் பெயர் தேவைப்படும் இடத்தில் சாட்டர்னியிடே என்றே எழுதலாம். 'சனி அந்து' என்ற நேர்பெயர்ப்பு வேண்டாம். கோளின் பெயர் நம் பேச்சில் பீடையையும் சுமக்கிறது, இந்தப் பூச்சிக்கு அது பொருந்தாது.