பி.எல்.சி. – நிரலேற்பு ஏரணக் கட்டுப்படுத்தி

ஆலைகளில் பி.எல்.சி. என்றாலே போதும், எந்தப் பெட்டி என்று எல்லோருக்கும் தெரியும். புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர் என்பது அதன் விரிவு. உள்ளே ஏற்றிய நிரலின்படி (புரோகிராம்) ஆலை இயந்திரங்களை இயக்கி நிறுத்தும் சிறு கணினி அது.

1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, இயந்திரங்களைக் கட்டுப்படுத்திவந்த ரிலேக்களுக்கு, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளுக்கு, மாற்று தேடியது. உற்பத்தி முறையை மாற்றும் போதெல்லாம் ரிலே பேனலின் கம்பிகளைப் பிரித்து மறுபடி இணைக்க வேண்டியிருந்ததே காரணம். பொறியாளர் டிக் மோர்லியின் பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் நிறுவனம் உருவாக்கிய கருவி அதன் 84ஆவது திட்டம். ஆகவே அதற்கு மோடிகான் 084 என்று பெயர். இத்தகைய கருவிகளை முதலில் பி.சி. என்றே சுருக்கினார்கள். பெர்சனல் கம்ப்யூட்டர் அந்த இரண்டெழுத்தை எடுத்துக்கொண்டபின், ஆலன்-பிராட்லி நிறுவனம் வழங்கிய பி.எல்.சி. என்ற பெயர் நிலைத்தது.

ஜெர்மானியர் வைத்த பெயர் இன்னும் கூர்மையானது: ‘ஷ்பைஷர்புரோகிராமீயர்பாரே ஷ்டாயரூங்’. ‘ஷ்பைஷர்’ என்றால் நினைவகம். பழைய கருவிகளின் நோய் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. 1979இல் வந்த சீமென்ஸ் எஸ்5 வரிசையில் பல கருவிகள் நிரலை லித்தியம் பேட்டரியின் தயவில்தான் காத்துவைக்கின்றன. பேட்டரி தீர்ந்த நிலையில் மின்சாரமும் நின்றால், மின்சாரம் இல்லாமலும் நினைவில் வைத்திருக்கும் இ.பி.ரோம் சில்லில் தனியே எழுதிவைக்காத நிரல் அழிந்துபோகும். பெட்டியில் பழுதே இருக்காது. ஆனால் இயந்திரம் ஓடாது. எனவே பேட்டரியை மாற்றும்போது கருவிக்கு மின்சாரம் இருக்கட்டும். அதற்கும் முன்பாக நிரலைப் படியெடுத்து வைத்துவிடுங்கள்.

படியெடுக்க முதலில் கருவியை அடையாளம் காண வேண்டும். முகப்பு எழுத்து மங்கியிருந்தாலும் பொருள் எண்ணைத் தேடுங்கள்: ‘6இஎஸ்5’ (6ES5) என்று தொடங்கினால் எஸ்5, ‘6இஎஸ்7’ (6ES7) என்றால் அதற்குப் பின்வந்த எஸ்7. எஸ்5-க்கு ஸ்டெப் 5 மென்பொருளும், 20 மில்லிஆம்பியர் மின்னோட்ட வளையத்தில் பேசும் இணைப்பும் தேவை. கிடைக்கும் நிரலில் அதை எழுதியவரின் குறிப்புரைகள் இருக்காது; அவை அவருடைய கணினியிலேயே தங்கிவிட்டவை. அதோடு மொழிக் குழப்பமும் உண்டு. நிரலில் வரும் ‘ஏ’ (A) என்ற எழுத்து ஜெர்மன் முறையில் ‘ஆவுஸ்காங்’, அதாவது வெளியீடு. ஆங்கில முறையிலோ அது ‘அண்ட்’ என்னும் கட்டளை. ‘இதுவும் அதுவும் இருந்தால்’ என்று நாம் சொல்லும்போது வரும் ‘உம்’தான் அது.

இனி தமிழ்ச் சொல். புரோகிராமுக்கு ‘நிரல்’ வேரூன்றிவிட்டது. வரிசை என்னும் பொருளில் தொல்காப்பியத்தின் ‘நிரல்நிறை’யிலேயே இருக்கும் சொல் அது. லாஜிக்குக்கு ‘ஏரணம்’. புரோகிராமபிள் என்பதற்கு ‘நிரல்படு’ என்பதைவிட ‘நிரலேற்பு’ எனக்குப் பிடிக்கிறது: நிரல் வேறு, பெட்டி வேறு, பெட்டி அதை வெளியிலிருந்து ஏற்றுக்கொள்கிறது என்பது அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. நிரலேற்பு ஏரணக் கட்டுப்படுத்தி என்பது முழுப்பெயர். அன்றாடப் பேச்சுக்கு ‘நிரலேற்பி’ போதும்.