குழம்பு கொட்டியதும் போகிற காசு

அட்டைப்பெட்டிக்கு விலை உண்டு, அதன்மேல் மீன்குழம்பு கொட்டும் வரை. பினாங்கில் உணவகங்களுக்கும் கோயில்களுக்கும் கழிவு மேலாண்மை ஆலோசகராக இருக்கிறேன். "குப்பையைக் காசாக்க என்ன மெஷின் வாங்கலாம்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நான் முதலில் கடையின் பின்பக்கம் போய்த் தொட்டியைத் திறந்து பார்ப்பேன். வாழை இலை, மீந்த சோறு, பால் டின், அட்டை எல்லாம் ஒன்றாக ஊறிக் கிடக்கும். காலையில் பழைய பேப்பர் லோரிக்காரர் நிறுத்துப் பணம் கொடுத்திருக்கக்கூடிய அட்டையை மதியம் அவர் தொடவே மாட்டார்.

வளரும் நாடுகளின் குப்பை ஈரமானது. உலக வங்கியின் 2018 அறிக்கைப்படி, வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளின் குப்பையில் பாதிக்கும் மேல் உணவும் இலைதழையும்தான். பணக்கார நாடுகளில் அது 32 விழுக்காடு. ஈரக் குப்பை லேசில் எரியாது. வெப்பத்தில் பெரும்பகுதி அதிலுள்ள நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். புதைத்தாலோ, காற்றில்லாமல் அழுகி, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவாக வெளியேறும். பிரிக்கும் பழக்கத்தை வளர்க்காமல் எரியுலைக்குக் கடன் வாங்கும் ஊர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

அந்த ஈரப் பாதியை உரமாக்கலாம். சமையலறைக் கழிவில் நைட்ரஜன் அதிகம். காய்ந்த இலையிலும் மரத்தூளிலும் கார்பன் அதிகம். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் உரக் குவியல் நன்றாக வேலை செய்யும். உள்ளே 55 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். சில நாள் அந்தச் சூடு நின்றால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் சாகும். நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது, காற்று போகவில்லை என்று பொருள். காய்ந்த இலையைச் சேர்த்துக் கிளறிவிடுங்கள், அடங்கிவிடும். இது தெரியாமல் நாற்றத்துக்குப் பயந்து கைவிட்டவர்கள் பலர்.

உரம் செய்வதைவிட அதை விற்பதுதான் கடினம். டாக்காவில் இஃப்தேகார் எனாயதுல்லாவும் மக்சூத் சின்ஹாவும் 1995 இல் தொடங்கிய வேஸ்ட் கன்சர்ன் அமைப்பு, தன் உரத்தை உரக் கம்பெனிகள் மூலம் விவசாயிகளிடம் கொண்டுபோனது. வாங்குபவரை முதலில் தேடுங்கள், குழியைப் பிறகு வெட்டலாம்.

பொரித்த எண்ணெயைச் சிங்கில் ஊற்றாதீர்கள். பயோடீசலுக்காகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அது மறுபடி யாருடைய வாணலிக்கும் போகாதிருக்க, வாங்குபவரிடம் உரிமம் உண்டா என்று கேளுங்கள்.

குப்பையிலிருந்து வரும் காசு யார் கைக்குப் போகிறது என்பதும் முக்கியம். பூனேயில் குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களின் ஸ்வச் கூட்டுறவு, 2008 இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. வீடுவீடாகக் குப்பை எடுத்துக் கட்டணம் பெறுகிறார்கள். விலைபோகும் பொருளை விற்றும் கொள்கிறார்கள். நம் தெருவில் டின் பொறுக்கும் முதியவருக்கும் அப்படியொரு இடம் வேண்டும்.

பினாங்கில் குப்பையை வீட்டிலேயே பிரிக்கும் கொள்கை 2016 ஜூனிலேயே வந்துவிட்டது. ஆனாலும் தைப்பூச ரத ஊர்வலத்தில் உடைக்கும் தேங்காய், பூச்சரத்தோடும் பிளாஸ்டிக் கப்போடும் கலந்துவிட்டால் எதற்கும் ஆகாது. தனியாக அள்ளினால் சிரட்டை கரியாகும், தேங்காய்ப் பருப்பு உரமாகும். தண்ணீர்ப் பந்தல் குழுக்கள் அரிசிக்கும் பருப்புக்கும் கணக்குப் போடும் கூட்டத்திலேயே தேங்காய்க்குத் தனிக் கூடை, கப்புக்குத் தனிப் பை, அன்றிரவே வந்து எடுக்க ஒரு லோரி என்று பேசி முடித்துவிடுங்கள்.