நீர்க்களிம்பா, நீர்க்களியா?

புண்ணில் வைத்துக் கட்டும் ஈரமான ஜெல் மருந்தான ஹைட்ரோஜெல்லை, தமிழில் ‘நீர்க்களிம்பு’ என்று எழுதுவதை இனியாவது விட்டுவிட வேண்டும். கோத்தகிரிப் பக்கம் புண்ணுக்கு மருந்தோடு தரும் தாள்களில் இதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

‘ஹைட்ரோ’ என்றால் கிரேக்கத்தில் நீர். ‘ஜெல்’ என்பது ஜெலட்டினின் குறுக்கம். 1860களில் வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் வழக்கில் விட்டது. லத்தீன் வேருக்கு உறைதல் என்று பொருள். சொல் வரலாறு இவ்வளவுதான்.

களிம்பு என்றதும் எண்ணெய்ப் பசைதான் நினைவுக்கு வரும், கை தானாகத் தேய்க்கப் போகும். கவாத்துக் கத்தி பட்டுச் சீழ் வைத்த காலோடு வந்த ஒரு அக்கா அப்படித்தான் செய்திருந்தார். விரலால் அழுத்தித் தேய்த்து, கட்டுப் போடாமல் விட்டதில் அது காய்ந்து செதிலாகப் புண்ணில் ஒட்டியிருந்தது. பிய்த்தபோது இளஞ்சதையும் சேர்ந்து வந்துவிட்டது. ஹைட்ரோஜெல்லைத் தேய்க்கக் கூடாது. புண்ணில் நிரப்பி மேலே மூட வேண்டும். அதன் எடையில் பெரும்பங்கு தண்ணீர். அந்த ஈரம்தான் செத்த சதையை இளக்கிக் கழற்றுகிறது. எண்ணெயைச் சொல்லும் பெயரை இதற்கு எப்படி வைப்பது?

‘நீர்க்கூழ்மம்’ என்பார்கள் சிலர். கூழ்மம் (colloid) என்றால் ஒரு பொருள் நுண்துகள்களாக இன்னொன்றில் பரவி நிற்பது. அது பெரிய குடும்பம். பாலும் கூழ்மம், குன்னூர்ச் சாலையை மறைக்கிற மூடுபனியும் கூழ்மம். மூடுபனியைப் புண்ணில் வைத்துக் கட்ட முடியுமா?

நான் சொல்வது ‘நீர்க்களி’. ராகிக் களியில் மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, ஒழுகவிடுவதில்லை. ஹைட்ரோஜெல்லில் பாலிமர் எனும் நீண்ட சங்கிலி மூலக்கூறு இழைகளின் வலை அதே வேலையைச் செய்கிறது. சோற்றுப் பெயர் மருந்துக்கு ஆகாது என்பவர்கள், கூழிலிருந்துதான் கூழ்மம் வந்தது என்பதை மறக்கிறார்கள்.

அப்புறம், ‘ஆன்டிபாக்டீரியல்’ என்பதற்கு எழுதும் அந்தக் ‘கிருமிநாசினி’. அது தரை கழுவும் ஃபினாயிலை நினைவூட்டுகிறது. இந்த மருந்தில் வெள்ளி அயனியோ, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானோ பாக்டீரியாவை ஒடுக்குகிறது. எனவே ‘பாக்டீரியா எதிர்ப்பு’ என்றே சொல்லலாம். பாக்டீரியா தமிழ்ச்சொல் இல்லைதான், ஆனால் எல்லோருக்கும் புரிகிறது. ‘நுண்ணுயிர்’ என்றால் பூஞ்சையும் உள்ளே வந்துவிடும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கும் முன் அந்தக் குழாயைப் பிதுக்கிப் பார்க்கட்டும். தாளில் இப்படி எழுதினால் போதும்: ‘பாக்டீரியா எதிர்ப்பு நீர்க்களி. தேய்க்காதீர்கள். புண்ணில் நிரப்பிக் கட்டுப் போடுங்கள்.’