குவார்ட்டர்பேக்: சொல்லின் கதையும் நெப்ராஸ்காவின் ஓட்டக்காரர்களும்

அமெரிக்கக் கால்பந்து பார்க்க உட்கார்ந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே காதில் விழும் சொல் குவார்ட்டர்பேக். ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வரும்போதும், வரிசையின் நடுவில் குனிந்து நிற்பவர் கால்களுக்கிடையே பின்னால் தருகிற பந்தை வாங்குபவர் இவர்தான். வாங்கியதும் தூர எறியலாம், பக்கத்தில் ஓடி வருபவரிடம் கொடுக்கலாம், தானே எடுத்துக்கொண்டும் ஓடலாம். ஆட்டம் நான்கு கால்பகுதிகளாக நடப்பதால் பெயரில் உள்ள குவார்ட்டர் அதைத்தான் குறிக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. இந்தக் குவார்ட்டர் நிற்கும் இடத்தைச் சொல்கிறது.

சொல் வந்தது ரக்பியிலிருந்து. அங்கே முன்வரிசையில் முட்டி மோதுபவர்கள் முன்களத்தவர், அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் பின்களத்தவர், அதாவது பேக். பின்களத்தவரிலும் யார் எவ்வளவு பின்னால் நிற்கிறார் என்பதைப் பின்னக் கணக்கில் சொன்னார்கள். கடைசியில் நிற்பவர் முழுப்பின், அதற்கு முன்னே முக்கால்பின், அப்புறம் அரைப்பின், முன்வரிசைக்கு மிக அருகில் நிற்பவர் கால்பின். ரக்பியில் முக்கால்பின் என்ற பெயர் இன்றும் புழங்குகிறது. கால், அரை, முக்கால், முழு என்று தமிழில் தனித்தனிச் சொற்கள் தயாராக இருப்பதால் இந்த வரிசை நமக்கு ஒட்டிக்கொள்வது எளிது.

இந்தப் பெயருக்கு அமெரிக்காவில் சட்டப்படி இடம் கொடுத்தவர் வால்டர் கேம்ப். யேல் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், அமெரிக்கக் கால்பந்தின் தந்தை என்று அழைக்கப்படுபவர். 1880இல் அவர் முன்னின்று கொண்டுவந்த விதி, பின்னால் தரப்படும் பந்தை முதலில் வாங்குபவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர் சூட்டியது. அதே விதியின் அடுத்த பாதியைப் பலர் கவனிப்பதில்லை. அவர் பந்தோடு முன்னோக்கி ஓடக்கூடாது, ஓடினால் தவறு என்று அங்கேயே எழுதியிருந்தது. வாங்கி இன்னொருவரிடம் தருவது மட்டுமே அவர் வேலை. முன்னோக்கி எறியும் உரிமையும் அப்போது யாருக்கும் இல்லை. அது 1906இல்தான் வந்தது. ஓடத் தடையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் படிப்படியாகத் தளர்ந்தது.

ஓடவே கூடாது என்று பிறந்த பதவி, ஓட்டத்துக்கே பேர்போன பதவியாக மாறியதைப் பார்க்க வேண்டுமானால் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியைப் பார்க்க வேண்டும். லிங்கன் நகரில் ஆடும் அணி. மக்காச்சோளம் விளையும் மாநிலம் என்பதால் கதிர் உரிப்பவர்கள் என்ற பொருளில் கார்ன்ஹஸ்கர்ஸ் என்று பெயர். மாநிலத்தில் பெரிய தொழில்முறை கால்பந்து அணி கிடையாது. ஊரே இந்த மாணவர் அணியின் பின்னால் நிற்கிறது. 1962 முதல் மெமோரியல் ஸ்டேடியத்தில் ஓர் ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை.

1973 முதல் 1997 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்த டாம் ஆஸ்போர்ன் காலத்தில் இந்த அணியின் உயிர்நாடி ஆப்ஷன் என்ற ஆட்டமுறை. தெரிவு ஆட்டம் என்று சொல்லலாம். பந்தை வாங்கிய குவார்ட்டர்பேக் வரிசையை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடுவார். இரண்டு மூன்று கெஜம் தள்ளி இன்னொருவர் கூடவே ஓடுவார். எதிரணியின் ஓர வீரர் ஒருவரை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விடுவார்கள். அந்த ஒற்றை ஆளின் தோளையும் இடுப்பையும்தான் குவார்ட்டர்பேக் பார்த்துக்கொண்டே ஓடுவார். அவர் தன்மேல் பாய்ந்தால் பந்தைச் சட்டென்று பக்கத்து ஆளுக்குத் தட்டிவிட வேண்டும். பக்கத்து ஆளை நோக்கி நகர்ந்தால் பந்தை வைத்துக்கொண்டு உள்ளே திரும்பி ஓட வேண்டும். முடிவெடுக்க ஒரு நொடிகூடக் கிடையாது. சில வேளை அதற்கும் முன்பே ஃபுல்பேக் என்ற முழுப்பின் வீரரின் வயிற்றில் பந்தைத் திணித்து, கொடுப்பதா எடுப்பதா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும். ஆக இங்கே ஓட்டம் என்பது காலின் வேகம் மட்டும் இல்லை.

இந்த அணியில் மிகச் சிறந்த ஓடும் குவார்ட்டர்பேக் யார் என்ற கேள்விக்கு எண்கள் சொல்லும் பதில் எரிக் கிரவுச். நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்துக்காரர். 1998 முதல் 2001 வரை 3,434 கெஜம் ஓடினார், 59 டச்டவுன்களை, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் எடுக்கும் புள்ளிகளை, ஓடியே எடுத்தார். பல்கலைக்கழகக் கால்பந்தின் மேல்தட்டில் ஒரு குவார்ட்டர்பேக் அதுவரை எடுத்திராத எண்ணிக்கை அது. 2001இல் மிசௌரிக்கு எதிராகத் தன் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, அங்கிருந்து நழுவி 95 கெஜம் ஓடியது அணியின் வரலாற்றிலேயே நீளமான ஓட்டம். கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பை அந்த ஆண்டு அவருக்கே.

ஒரே பருவத்தை மட்டும் எடுத்தால் ஜமால் லார்ட் முந்துகிறார். 2002இல் 1,412 கெஜம். டெக்சாஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 234 கெஜம் ஓடியும் மூன்று புள்ளியில் அணி தோற்றது. அந்தப் பருவத்தில் அணி ஜெயித்தது ஏழு, தோற்றது ஏழு. சுற்றிலும் பலமில்லாதபோது தனியாளாக இழுத்துச் சென்ற ஓட்டம் அது, அதற்குரிய மரியாதை லார்டுக்குக் கிடைத்ததாக நான் நினைக்கவில்லை.

ஆனால் இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 2002க்கு முன்பு பருவ முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களின் கெஜங்களை அதிகாரபூர்வக் கணக்கில் சேர்ப்பதில்லை. லார்டின் எண்ணில் அது உண்டு, மற்றவர்களுடையதில் இல்லை. அதோடு, எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கைப் பிடித்து வீழ்த்தினால் இழக்கும் கெஜங்களைக் கல்லூரி ஆட்டத்தில் அவருடைய ஓட்டத்திலிருந்து கழிப்பார்கள். தொழில்முறை ஆட்டத்தில் அப்படி இல்லை.

இந்தக் கணக்குமுறையால் அதிகம் மறைந்துபோனவர் டாமி ஃப்ரேசியர். ஃபுளோரிடாவின் பிராடன்டன் ஊர்க்காரர், 1992 முதல் 1995 வரை ஆடியவர். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 1,955 கெஜம்தான் இருக்கும். 1996 ஜனவரி 2 அன்று அரிசோனாவில் ஃபியஸ்டா பவுலில், சொந்த மாநிலத்து ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு எதிராக அவர் ஓடிய 199 கெஜம் அதில் இல்லை. அதில் ஒரு ஓட்டம் 75 கெஜம். மூன்றாம் கால்பகுதி முடியும் நேரம். ஆப்ஷனில் பந்தை வைத்துக்கொண்டு உள்ளே திரும்பியவரை எதிரணியினர் கூட்டமாகச் சூழ்ந்து பிடித்துவிட்டார்கள். இடுப்பில் ஒரு பிடி, தோளில் ஒரு பிடி, எல்லோரும் நின்றுவிட்டதாக நினைத்த இடத்தில் அவர் கால்கள் மட்டும் நிற்கவில்லை. உதறிக்கொண்டு வெளியே வந்து கோடுவரை ஓடினார். நெப்ராஸ்கா 62–24 என்று ஜெயித்தது.

அதற்கு முந்தைய பருவத்தில் காலில் இரத்தம் உறைந்து பெரும்பாலான ஆட்டங்களை இழந்தவர் அவர். 1995 ஜனவரி 1 அன்று மயாமிக்கு எதிரான ஆரஞ்சு பவுலில் தொடக்கத்திலேயே இறங்கினார். இடையில் மாற்றுக் குவார்ட்டர்பேக் புரூக் பெரிங்கர் ஆட, நான்காம் பகுதியில் ஃப்ரேசியரை மறுபடி இறக்கினார் ஆஸ்போர்ன். வெற்றியைத் தந்த இரண்டு டச்டவுன்களையும் ஓடியவர் ஃபுல்பேக் கோரி ஷ்லெசிங்கர். பந்தைக் கையில் கொடுத்தவர் ஃப்ரேசியர். 24–17. தொடர்ந்து இரண்டு தேசியப் பட்டங்கள், தொடக்கத்தில் இறங்கிய 36 ஆட்டங்களில் 33 வெற்றி. எப்போது தான் ஓடுவது, எப்போது பிறரை ஓடவிடுவது என்று தெரிந்தவர் என்பதால் என் கணக்கில் முதலிடம் அவருக்கே. 1995இல் ஹைஸ்மன் வாக்கெடுப்பில் அவருக்கு இரண்டாம் இடம் கிடைத்தது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

டர்னர் கில், ஸ்காட் ஃப்ராஸ்ட் இருவரையும் இந்த வரிசையில் விட்டுவிட முடியாது. கில் தொடக்கத்தில் இறங்கிய 30 ஆட்டங்களில் தோற்றது இரண்டே இரண்டு. ஃப்ராஸ்ட் 1997இல் ஓட்டத்திலும் எறிதலிலும் தலா ஆயிரம் கெஜத்தைத் தாண்டினார்; இந்த அணியில் அப்படிச் செய்த முதல் ஆள் அவர்.

சரி, தமிழில் என்ன பெயர் வைப்பது? சொல்லுக்குச் சொல் போட்டால் காற்பின்வீரர். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் கேட்டவுடன் கால் என்பதை உடல் உறுப்பாகத்தான் எடுத்துக்கொள்வோம், அதுவும் கால்பந்து என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வந்தால் சொல்லவே வேண்டாம். இன்னொன்று, அந்தப் பின்னக் கணக்கே இன்று களத்தில் செல்லாது. ஆஸ்போர்னின் அணியில் ஃபுல்பேக் என்ற முழுப்பின் வீரர், ஐ-பேக் என்ற ஓட்டக்காரருக்கு முன்னால்தான் நின்றார். மூலமொழியிலேயே அளவு உதிர்ந்துவிட்ட பெயருக்கு நாம் அளவை மறுபடி ஒட்டவேண்டியதில்லை.

செய்யும் வேலையை வைத்துப் பெயரிட்டால் ஆட்டநடத்துநர் என்பது பொருந்தும். பந்து யாரிடம் போக வேண்டும் என்று நொடிக்குள் முடிவெடுப்பவர் என்ற பொருள் அதில் இருக்கிறது. ஆங்கிலத்திலும் ஒரு திட்டத்தை முன்னின்று நடத்துபவரைக் குவார்ட்டர்பேக் என்றே சொல்கிறார்கள். அந்த இடத்திலும் நடத்துநர் சரியாக அமரும். ஆட்டநாயகன் வேண்டாம், அது ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான விருதுப் பெயராக நிலைத்துவிட்டது. அணித்தலைவர் என்பது தனிப் பொறுப்பு, எந்த இடத்தில் ஆடுபவரும் அதில் இருக்கலாம்.

செய்தியிலும் வர்ணனையிலும் குவார்ட்டர்பேக் என்றே எழுதுவதில் தவறில்லை, விக்கெட், கோல் போல அதுவும் பழகிவிடும். முதல் முறை வரும்போது ஆட்டநடத்துநர் என்று ஒருமுறை விளக்கிவிட்டால் போதும். ஃப்ரேசியர், கிரவுச் போன்றவர்களை ஓடும் ஆட்டநடத்துநர் என்றும், ஃப்ராஸ்டைப் போல எறிந்தும் ஓடியும் ஆடுபவரை இருவழி ஆட்டநடத்துநர் என்றும் எழுதலாம்.