எந்த டிஸ்க்கைக் கழற்றப் போகிறீர்கள்?

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் ஒரு இறால் கம்பெனி. கணக்கு, ஏற்றுமதி பில் எல்லாம் ஒரே லினக்ஸ் சர்வரில். தலா 2 டிபி டிஸ்க் இரண்டு, ரெய்டு 1, அதாவது இரண்டிலும் ஒரே டேட்டா. பிரிண்டர் ஓடவில்லை என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். வந்ததற்கு ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டையும் பார்ப்போமே என்று திறந்தால், டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு யூ (U) இருக்க வேண்டிய இடத்தில் ஒரு யூ, பக்கத்தில் ஒரு அடிக்கோடு. லாகைப் புரட்டினேன். எஸ்டிபி (sdb) என்ற டிஸ்க் போய் நாற்பது நாள் ஆகியிருந்தது.

மற்றது தாங்கிக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை. ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆட்ம் (mdadm) நிரலின் கண்காணிப்பில் மெயில் முகவரி போட்டிருந்தால் அன்றே தகவல் வந்திருக்கும். அந்த வரியைக் காலியாக விட்டவன் நான்தான்.

முதலில் பேக்கப். புது டிஸ்க்கை நிரப்ப, மிச்சமிருக்கும் டிஸ்க் முழுசாகப் படிக்கப்பட வேண்டும். அதற்கும் அதே வயது, படிக்கும்போதே அதுவும் போகலாம்.

கேபினெட்டைத் திறந்தோம். கடற்காற்றில் ஸ்க்ரூ எல்லாம் துரு. உள்ளே அச்சு அசலாக இரண்டு டிஸ்க். "அண்ணே, கீழ இருக்கதுதானே எஸ்டிபி?" என்று பையன் கேபிளில் கை வைத்துவிட்டான். எஸ்டிபி என்பது பூட் ஆகும்போது லினக்ஸ் வைக்கும் பெயர். அடுத்த பூட்டில் மாறலாம், மேல் கீழ் என்றெல்லாம் அதற்குக் கிடையாது. செத்த டிஸ்க் பல நேரம் தன் நம்பரைச் சொல்லாது. அதனால் டிஸ்க்கின் விவரம் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கமாண்ட் கொடுத்து, நல்ல டிஸ்க்கின் சீரியல் நம்பரை எழுதிக்கொண்டேன். டார்ச் அடித்து, ஈரத்தில் மங்கியிருந்த ஸ்டிக்கரைப் படித்தால், கீழே இருந்ததுதான் நல்ல டிஸ்க்.

அப்புறம் வழக்கமான வேலைதான். எம்டிஆட்மில் ஃபெயில், ரிமூவ் கொடுத்து செத்த டிஸ்க்கை ரெய்டிலிருந்து விலக்கி, மெஷினை அணைத்து மாற்றினோம். புதியது பழையதைவிடக் கொஞ்சம்கூடச் சிறியதாக இருக்கக் கூடாது. பார்ட்டிஷன் டேபிளை, அதாவது டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலை, எஸ்எஃப்டிஸ்க் கமாண்டில் நகலெடுக்கும்போது எதிலிருந்து எதற்கு என்ற திசை முக்கியம். மாற்றிக் கொடுத்தால் நல்ல டிஸ்க்கின் பார்ட்டிஷன் டேபிள் போய்விடும். பிறகு ஆட் கொடுத்து, புது டிஸ்க்கை ரெய்டில் சேர்த்தேன். அது நிரம்பி முடிய நாலு மணி நேரம் பிடித்தது. லினக்ஸைப் பூட் செய்யும் நிரலான கிரப்பைப் புது டிஸ்க்கிலும் போட வேண்டும், ரெய்டு அதைச் செய்து தராது. மறந்தால், பழைய டிஸ்க் போகிற அன்று மெஷின் பூட் ஆகாது.

இரண்டு டிஸ்க்கின் சீரியல் நம்பரில் கடைசி நான்கு இலக்கங்களையும் மார்க்கரில் எழுதி, எது மேல் எது கீழ் என்று குறித்து கேபினெட் மேலேயே ஒட்டியிருக்கிறேன். மெயிலில் என் முகவரி, முதலாளி முகவரி இரண்டும் போட்டாயிற்று. சோதனைக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன். முதலாளிக்கு அது ஸ்பேமில் போய் விழுந்திருந்தது.